கடல்வழியும் கரிப்புகையும்

1869ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 17ஆம் நாள் சுயஸ் கால்வாய் கப்பற் போக்குவரத்துக்குத் திறந்து வைக்கப்பட்டது. அதற்கு ஐந்து நாட்கள் கழித்து, ஸ்கொத்லாந்து தேசத்திலே டம்பாட்டன் நகரில் ‘கட்டி சார்க்’ என்னும் பாய்க்கப்பல் நீரில் இறக்கப்பட்டது. சீனத்துத் தேயிலையை இலண்டனுக்கு விரைந்து கொண்டு சேர்ப்பதற்கென்றே கட்டப்பட்ட கப்பல் அது. காற்றின் விசையை மனிதன் எத்துணை நுட்பமாகப் பயன்படுத்த வல்லவன் என்பதற்கு அதனினும் சிறந்த சான்று காண்பது அரிது. ஆயினும், அது பிறந்தபோதே அதன் தொழில் பறிபோயிருந்தது. கால்வாயை வெட்டியவர்கள் பாய்க்கப்பலை ஒழிக்க எண்ணினாரல்லர்; வழியைச் சுருக்கவே எண்ணினர். ஆனால், செங்கடலில் வீசும் காற்றுப் பாய்களுக்கு ஒத்துவருவதன்று. ஒடுங்கிய கால்வாயினூடே பாய்க்கப்பல் செல்வதாயின் இழுவைப் படகு ஒன்றைக் கூலிக்கு அமர்த்துதல் வேண்டும். ஆகவே, புதிய வழி நீராவிக் கப்பலுக்கே உரிய வழியாயிற்று.

இலண்டனிலிருந்து பம்பாய்க்குச் செல்லும் கடற்றூரம், நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்வதிலும் பார்க்கச் சுயஸ் வழியாகப் பத்தில் நான்கு பங்கு குறைந்தது. தூரம் குறைந்தால் எரிபொருளும் குறையும் என்பது எவரும் எளிதிற் கூறும் முடிபு. ஒரு நீராவிக் கப்பலைத் தனியே எடுத்து நோக்கினால் அது சரியே. ஆனால், முன்னர் அவ்வழியே பண்டங்களைச் சுமந்த கப்பல்கள் எதையும் எரித்தவையல்ல. அவை காற்றை நம்பிச் சென்றவை. எதையும் எரிக்காத கப்பலின் இடத்தைச் சிறிதே எரிக்கும் கப்பல் பிடித்துக்கொண்டால் புகை கூடுமேயன்றிக் குறையாது. இதற்குத் துணைபுரிந்தது மற்றொரு முன்னேற்றம். லிவர்ப்பூல் நகரத்துப் பொறியியலாளரும் கப்பல் முதலாளியுமான அல்பிரட் ஹோல்ட் என்பவர், நீராவியை இருமுறை வேலை வாங்கும் இயந்திரம் பொருத்திய ‘அகமெம்னன்’ என்னும் கப்பலை 1866இல் சீனத்துக்கு அனுப்பினார். முன்னைய இயந்திரங்களை விட அது உண்ட நிலக்கரி மிகக் குறைவு. கரி வைக்கும் இடம் சுருங்கவே, சரக்கு வைக்கும் இடம் பெருகிற்று, இலாபம் பெருகிற்று, நீராவிக் கப்பல்களும் பெருகின. சிக்கனமான இயந்திரம் நிலக்கரிச் செலவைக் குறைக்கும் என்று நம்புவது மயக்கம், அது செலவைக் கூட்டவே செய்யும் என்று ஸ்ரான்லி ஜெவன்ஸ் என்னும் ஆங்கிலப் பொருளியலறிஞர் 1865இல் எழுதி வெளியிட்ட கருத்துக்குக் கீழைக் கடல்வழியே உரைகல்லாயிற்று.

அவ்வழி இலங்கையையும் மாற்றியமைத்தது. அதுகாறும் கீழைத்தேசம் செல்லும் நீராவிக் கப்பல்கள் தங்கிக் கரி ஏற்றிய துறை காலி. ஆனால், காலித் துறை பாறைகள் நிறைந்தது. பெரிய கப்பல்களுக்கு இடம் போதாதது. கொழும்போ திறந்த கடல். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் அங்கே நங்கூரமிடுவது ஆபத்தானது. தேசாதிபதி வில்லியம் கிறகரியின் காலத்தில், 1875ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், வேல்ஸ் இளவரசர் கொழும்பில் அலைதடுப்பு அணைக்கு முதற்கல் நாட்டினார். ஜோன் கூட் என்னும் பொறியியலாளர் வகுத்த திட்டப்படி எழுந்த அவ்வணை, 4,000 அடிக்கு மேற்பட்ட நீளமுடையதாய் 1885இல் நிறைவெய்திற்று. அதற்கு வேண்டிய கல்லை மஹர என்னுமிடத்திலே சிறைக் கைதிகள் உடைத்தனர். பின்னர் வேறு அணைகளும் சேர்ந்து, 1912 அளவிற் கொழும்பு உலகின் பெருந் துறைமுகங்களுள் ஒன்றாயிற்று. காலி பின்தங்கிற்று.

கொழும்புத் துறைமுகத்தின் செல்வம் தேயிலையினாலும் தெங்குப் பொருள்களினாலும் மட்டும் வந்ததன்று. வழிப்போக்கான கப்பல்களுக்கு நிலக்கரி விற்றும் வந்தது. வேல்ஸ் நாட்டிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் தென்னாபிரிக்காவிலிருந்தும் கரி வந்து குவிந்தது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் பலர் அதனைக் கூடையிற் சுமந்து கப்பலின் வயிற்றில் நிரப்பினர். ஒரு விந்தை இங்குக் குறிப்பிடத்தக்கது. உலகின் கரித்துறைகள் பலவற்றுக்கு நிலக்கரியைக் கொண்டுசென்றவை பாய்க்கப்பல்களே. விரைவு வேண்டாத மலிவுச் சரக்கு அது ஆதலின், தொழிலிழந்த பாய்க்கப்பல் தன்னை வீழ்த்திய பகைவனுக்கு உணவு சுமக்கும் கூலியாயிற்று.

அக்காலத்திற் புகை என்பது கண்ணைக் கரிக்கும் தொல்லை, துணியை அழுக்காக்கும் தூசு, அவ்வளவே. அதனுள் கண்ணுக்குப் புலப்படாத பொருள் ஒன்றும் உண்டென்பதை வேதியியலார் அறிந்திருந்தனர். நிலக்கரியிலுள்ள காபன் எரியும்போது காற்றிலுள்ள ஒட்சிசனுடன் கூடிக் காபனீரொட்சைட்டு ஆகிறது. ஒரு தொன் காபன் மூன்றரைத் தொன்னுக்கு மேற்பட்ட வாயுவாக எழுகிறது. எரித்த பொருளினும் எழுந்த வாயு பாரமானது என்பது முதன்முறை கேட்போர்க்கு வியப்பாயிருக்கலாம். காற்றிலிருந்து சேர்ந்த ஒட்சிசனின் பாரமே அந்த மிகுதி. இவ்வாயு பூமியின் வெப்பம் விண்வெளிக்குத் தப்பாது தடுப்பது. சுவீடன் நாட்டு அறிஞர் ஸ்வாந்தே அரீனியஸ் 1896இல் இவ்வாயு பெருகினால் உலகம் எவ்வளவு சூடேறும் எனக் கணக்கிட்டார். அந்தப் பெருக்கத்துக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் செல்லுமென அவர் எண்ணினார். குளிர்நாட்டவரான அவர் அதனை வரவேற்கவும் செய்தார். 1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையிற் சாள்ஸ் கீலிங் அளவிடத் தொடங்கியபோது காற்றின் பத்து இலட்சம் பங்கிற் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 315 பங்காக இருந்தது. 2024இல் அது 420ஐக் கடந்திருந்தது.

கப்பல்கள் நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறியபோது கொழும்பின் கரிக் குவியல்கள் மெல்ல மெல்லக் கரைந்தன. புகைவண்டியும் அவ்வழியே சென்றது. 1950ஆம் ஆண்டு சனவரியில் பொதுநலவாய நாடுகளின் வெளிவிவகார அமைச்சர்கள் கொழும்பிற் கூடி வகுத்த கொழும்புத் திட்டத்தின் கீழ், கனடா இலங்கைக்கு டீசல் இயந்திரங்களை நன்கொடையாக அளித்தது. 1954 முதல் வந்திறங்கிய அவ்வியந்திரங்களுக்கு ‘ஒன்றாரியோ’, ‘அல்பேட்டா’ என அந்நாட்டு மாகாணங்களின் பெயர்கள் இடப்பட்டன. எரிபொருளிலுள்ள சக்தியிற் பெரும்பகுதியைப் புகைபோக்கி வழியே வீணாக்கும் நீராவி இயந்திரத்தினும் டீசல் இயந்திரம் பன்மடங்கு சிக்கனமானது. காபனைக் குறைக்கும் நோக்கம் அந்நாளில் எவருக்கும் இருந்ததில்லை. கனடாவிற் செய்யப்பட்ட இயந்திரம் கனடாவின் உதவியாக வந்தது, அவ்வளவே. நன்மை தற்செயலாக விளைந்தது.

மின்வலுவின் கதையும் இத்தகையதே. களனி கங்கையின் கிளையாறுகளிலிருந்து மின்சாரம் பெறலாமென்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் எடுத்துக்காட்டினார். 1920களிலே தொடங்கிய வேலை இடைநின்றது. இலக்சபான நீர்மின் நிலையத்தின் முதற்கட்டம் 1950இலேதான் இயங்கிற்று. உலக வங்கி இலங்கைக்கு முதன்முதலாகக் கொடுத்த கடனும், 1954இல், அத்திட்டத்தை விரிவாக்குவதற்கே. முப்பது ஆண்டுகளில் முடிப்பதற்கு வகுக்கப்பட்ட மகாவலித் திட்டத்தை 1977இன் பின்னர் வந்த அரசாங்கம் ஆறே ஆண்டுகளில் நிறைவேற்ற முனைந்தபோது, வெளிநாடுகள் அணைகளைப் பங்கு போட்டுக்கொண்டன எனலாம். விக்ரோரியா அணைக்குப் பிரித்தானியா 10 கோடி பவுணுக்கு மேல் கொடுத்தது. கொத்மலைக்குச் சுவீடனும், ரந்தெனிகலைக்கு மேற்கு ஜேர்மனியும், மாதுறு ஓயாவுக்குக் கனடாவும் துணை நின்றன. கொடுத்த நாட்டின் பணத்தோடு அந்நாட்டுக் கட்டட நிறுவனங்களும் இயந்திரங்களும் உடன்வந்தன. பழைய தெல்தெனிய நகரம் விக்ரோரியா நீர்த்தேக்கத்தில் மூழ்கியது. அந்த இழப்பை மறைத்து, நீர்மின்னைக் குற்றமற்றதெனப் புகழ்வது முறையன்று. ஆயினும், 1990களின் முற்பாதியில் இலங்கையின் மின்சாரத்திற் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எரிபொருளின்றிப் பிறந்தது என்பது உண்மை. பணம் கொடுத்த நாடுகள் அணை கட்டத் தெரிந்தவையாயிருந்தன. இலங்கையின் மலைகளும் மழையும் அதற்கு இசைந்தன.

அதே ஆண்டுகளில் உலக வர்த்தகம் வேறொரு வாயிலாலும் இந்நாட்டினுள் நுழைந்தது. 1974 முதல் 2004 இறுதி வரை நிலவிய பன்னார் உடன்படிக்கை, செல்வ நாடுகளுக்கு ஆடை அனுப்புவதற்கு ஒவ்வொரு நாட்டுக்கும் அளவு வகுத்திருந்தது. தமக்குரிய அளவை நிரப்பிவிட்ட நாடுகளின் முதலாளிகள், அளவு மிஞ்சியிருந்த இலங்கையை நாடினர். 1977இன் பின்னர் திறந்துவிடப்பட்ட பொருளாதாரத்தில் ஆடைத் தொழிற்சாலைகள் பெருகின. பின்னர் நாட்டின் முதன்மை ஏற்றுமதியாகத் தேயிலையின் இடத்தை ஆடை பிடித்துக்கொண்டது. தையல் இயந்திரமும் அழுத்துபெட்டியும் குளிரூட்டியும் மின்சாரம் கேட்டன. வீடுகளும் கேட்டன. பெரிய ஆறுகளில் இனி அணை கட்ட இடம் அரிதாயிற்று. 1996இல் வானம் பொய்த்தது; நீர்த்தேக்கங்கள் வற்றின; நாடு நாளுக்குப் பல மணி நேரம் இருளில் மூழ்கிற்று. அந்த இருளிலேதான் நிலக்கரி மீண்டும் இந்நாட்டை நோக்கித் திரும்பியது எனலாம்.

புத்தளத்துக்கு மேற்கே, கற்பிட்டிக் குடாநாட்டிலுள்ள நுரைச்சோலையில் அனல்மின் நிலையம் அமைக்க யப்பான் கடன்தர முன்வந்திருந்தது. தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்துக்கு ஊறு நேருமென்று கத்தோலிக்க மக்களும், நிலமும் மீன்பிடியும் கெடுமென்று அப்பகுதி மக்களும் எதிர்த்தனர். திட்டம் பல்லாண்டுகள் தள்ளிப்போயிற்று. 2006இல் அதற்கு மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்டபோது கடன் கொடுத்தது சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கி. கட்டியது சீன நிறுவனம். மூன்று இயந்திரங்கள், ஒவ்வொன்றும் 300 மெகாவாற்று. முதலாவது 2011 மார்ச்சில் இயங்கிற்று. ஏனைய இரண்டும் முடிவுற்ற பின், 2014 செப்டெம்பரில், சீன அதிபர் ஷீ ஜின்பிங் இலங்கைக்கு வந்து நிலையத்தைத் திறந்து வைத்தார். செலவு ஏறத்தாழ 135 கோடி டொலர். மூன்றும் இயங்கும் ஆண்டுகளில் அது 20 இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட கரியை உண்கிறது; அதிலிருந்து எழும் காபனீரொட்சைட்டு 50 இலட்சம் தொன் அளவினதாகும். அந்நிலையத்தின் மின்சாரம் இல்லாவிடின் நாடு மீண்டும் இருண்டிருக்கும் என்பதையும் மறுத்தற்கில்லை. மழை குறைந்த ஆண்டுகளில் மூன்றிலொரு பங்கும் அதற்கு மேலும் அங்கிருந்தே வந்தது.

இதில் நோக்க வேண்டியது கணக்கு எழுதப்படும் முறை. 1992இல் ஐக்கிய நாடுகளின் காலநிலை உடன்படிக்கை செய்யப்பட்டது முதல், ஒவ்வொரு நாடும் தன் எல்லைக்குள் எழும் வாயுவையே தன் கணக்கில் எழுதுகிறது. நுரைச்சோலையின் கரி பெரும்பாலும் இந்தோனேசியா, தென்னாபிரிக்கா, இரஷ்யா ஆகிய நாடுகளிலிருந்து வருவது. அவற்றின் கணக்கில் அது எரிந்த கரியாக ஏறுவதில்லை. இயந்திரத்தை விற்று, வட்டியும் பெற்ற நாட்டின் கணக்கிலும் இல்லை. அந்த மின்சாரத்திலே தைத்த சட்டையை அணிவோர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ளனர். அவர்களுடைய கணக்கிலும் இல்லை. எல்லாம் இலங்கையின் ஏட்டிலேயே ஏறுகின்றன. ஆளுக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒரு தொன் மட்டுமே வெளிவிடும் நாடு இது. உலகச் சராசரியோ அதனைப் போல் நான்கு மடங்குக்கு மேற்பட்டது. 2023 ஒக்ரோபரில் ஐரோப்பிய ஒன்றியம், இறக்குமதிப் பொருளோடு சேர்ந்து வரும் காபனையும் கணக்கெடுக்கும் எல்லைத் தீர்வை முறையைத் தொடங்கிற்று. அது இரும்பு, சீமெந்து, அலுமினியம், பசளை முதலியவற்றோடு நின்றது. ஆடை அதன் பட்டியலில் இடம்பெறவில்லை.

நுரைச்சோலை தனித்த நிகழ்ச்சியன்று. ஷீ ஜின்பிங் 2013இல் அஸ்தானாவிலும் ஜகார்த்தாவிலும் அறிவித்த புதிய பட்டுப்பாதைத் திட்டம், தரைவழியும் கடல்வழியுமாக ஆசியாவையும் ஆபிரிக்காவையும் ஐரோப்பாவையும் இணைப்பதென்று கூறப்பட்டது. வீதியும் துறைமுகமும் அதன் முகம்; மின்நிலையங்கள் அதன் வயிறு. பாகிஸ்தானிலே பஞ்சாபின் உள்நாட்டு ஊராகிய சாஹிவாலில் 1,320 மெகாவாற்று அனல்மின் நிலையம் 2017இல் எழுந்தது. அதற்குரிய கரி கடல்கடந்து கராச்சிக்கு வந்து, அங்கிருந்து 1,000 கிலோமீற்றருக்கு அப்பால் இரயிலிற் செல்ல வேண்டும். எரிபொருளுக்கு அருகே ஆலையை அமைப்பதென்ற பழைய பொறியியற் புத்தி அங்கே எங்கே போயிற்று என்று எவரும் வினவலாம். இதனைச் சீனத்தின் குற்றமாக மட்டும் எழுதுவது வரலாறாகாது. வங்காளதேசத்தின் மாதர்பாரியில் 1,200 மெகாவாற்று நிலக்கரி நிலையத்துக்குக் கடன் கொடுத்தது யப்பான். கடன் கொடுப்போர் தம் தொழிற்சாலைகளில் எது செய்யப்படுகிறதோ அதனையே கொண்டுவருகின்றனர். சுவீடன் அணை கொண்டுவந்தது, கனடா இயந்திரம் கொண்டுவந்தது, இவர்கள் கொதிகலன் கொண்டுவந்தனர். பெறுவோரும் விரைவாகக் கிடைப்பதையே நாடினர். ஆனால், அணையும் கொதிகலனும் ஒரு தன்மையன அல்ல. அணைக்கு வேண்டிய மழையை விலைகொடுத்து வாங்க வேண்டுவதில்லை. கொதிகலனை வைத்தவன் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரி வாங்கியே தீர வேண்டும். கடன் தீருமுன் அதனை மூடினால் இருமுறை இழக்கிறான். 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது, எரிபொருட் கப்பலுக்குப் பணம் செலுத்த முடியாது தவித்த இலங்கை இதனை நன்கு உணர்ந்தது.

2021 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையிற் சீன அதிபர், வெளிநாடுகளிற் புதிய நிலக்கரி மின்நிலையங்களைத் தம் நாடு கட்டாது என அறிவித்தார். தென்கொரியாவும் யப்பான் உள்ளிட்ட செல்வ நாடுகளும் அவ்வாண்டிலேயே அத்தகைய உறுதியை வெவ்வேறு அளவிற் கூறியிருந்தன. இலங்கையும் இனிப் புதிய நிலக்கரி நிலையம் கட்டுவதில்லையென்று அதே ஆண்டில் உறுதி கூறிற்று. இவ்வுறுதிகளால் இனி எழவிருந்த நிலையங்கள் தடைப்பட்டன, எழுந்துவிட்டவை எரிந்துகொண்டேயிருந்தன.

எழாது போனவற்றுள் ஒன்று சம்பூர். திருகோணமலைக் கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள அவ்வூர் மக்கள் 2006ஆம் ஆண்டுப் போரில் இடம்பெயர்ந்தனர். அவ்வாண்டு முடிவதற்குள், இந்தியாவின் தேசிய அனல்மின் நிறுவனமும் இலங்கை மின்சார சபையும் கூடி அங்கு 500 மெகாவாற்று நிலக்கரி நிலையம் அமைப்பதென்ற உடன்பாடு கையெழுத்தாயிற்று. ஊர் இல்லாதபோது ஊரின் நிலத்துக்குத் திட்டம் வகுக்கப்பட்டது. மக்கள் முகாம்களிலிருந்தும் உறவினர் வீடுகளிலிருந்தும் திரும்ப வழி கேட்டுக்கொண்டிருந்த பத்து ஆண்டுகளும், கரி நிலையம் வருமா வாராதா என்ற வினா அந்நிலத்தின் மேல் நின்றது. சூழல் காப்போர் வழக்குத் தொடுத்தனர். 2016 செப்டெம்பரில், அத்திட்டம் கைவிடப்பட்டதென அரசாங்கம் உயர் நீதிமன்றத்துக்கு அறிவித்தது. அதே இரு நிறுவனங்களும் சேர்ந்து சம்பூரில் 120 மெகாவாற்று சூரியமின் நிலையம் அமைப்பதற்கான தொடக்க விழா 2025 ஏப்பிரலில் நடைபெற்றது. கரிக்கென ஒதுக்கிய மண்ணிற் சூரிய ஒளி வந்திறங்கியது நற்செய்தியே. அந்த ஒளித்தகடுகளும் வெளிநாட்டுக் கூட்டின் வழியேதான் வருகின்றன. ஆனால், நிறுவிய பின்னர் அவற்றுக்குத் தீனி போட எந்தக் கப்பலும் வர வேண்டுவதில்லை.

எஞ்சி நிற்பது கப்பலின் புகை. ஒரு நாட்டுத் துறையில் எரிபொருள் ஏற்றி, வேறொரு நாட்டுக் கொடியைப் பறக்கவிட்டு, மூன்றாவது நாட்டுச் சரக்கைச் சுமந்து, எவர்க்கும் உரியதல்லாத கடலிற் செல்லும் கப்பல் எழுப்பும் வாயு எவருடையது? 1992 முதல் அது தனித் தாளில் எழுதப்படுகிறதேயன்றி, எந்த நாட்டின் மொத்தத்திலும் சேர்க்கப்படுவதில்லை. 1997ஆம் ஆண்டுக் கியோட்டோ ஒப்பந்தம் அப்பொறுப்பைச் சர்வதேச கடற்றுறைத் தாபனத்திடம் கையளித்தது. உலகில் மனிதர் வெளிவிடும் வாயுவில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பங்கு கப்பல்களுடையது. 2050ஐ ஒட்டிய காலத்துள் அதனை இல்லாதாக்குவதென 2023இல் அத்தாபனம் குறிக்கோள் வகுத்தது. அதற்கென எரிபொருளுக்குக் கட்டணம் விதிக்கும் விதிகள் 2025 ஒக்ரோபரில் இலண்டனிற் கூடிய அவையின் முன் வந்தபோது, வாக்கெடுப்பு ஓராண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டது.

நுரைச்சோலைக் கடலில் தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களிற் கரி இறக்க முடியாது. ஆண்டின் பிற்பகுதியிற் கடல் அடங்கியபின், கரிக்கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட, தட்டைப் படகுகள் கரியைக் கரைக்குக் கொண்டுவருகின்றன. ஏப்பிரல் வரையில் ஓராண்டுக்குரிய தீனி அவ்வாறே குவிக்கப்படுகிறது. இறக்கிய கரியின் புகை இலங்கையின் கணக்கில் ஏறும். அதனைச் சுமந்துவந்த கப்பல் வழியெல்லாம் எரித்த எண்ணெய் அந்தத் தனித் தாளில் கிடக்கும்.